வேர்டில் எழுத்துருவும் ஒழுங்கமைப்பும்: வன்னியில் தமிழ் ரைப் செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பரந்தனில் ஒரு கடையில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் ரைப் செய்த கடிதத்தை மாங்குளத்தில் வேறொரு கொம்பியூட்டரில் திறந்தால், தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். கமக்காரர் அமைப்பின் செயலாளர், மாதர் சங்கத்தின் பொருளாளர், தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர், அந்தியேட்டிக்கு நினைவுமலர் அடிக்கும் பிள்ளைகள் என்று வன்னியில் கொம்பியூட்டரில் தமிழ் எழுதும் எல்லோருக்கும் இது பழகிப்போன தொல்லை. அதனால் எழுத்துரு மாற்றுவதை அழகு பற்றிய பேச்சாக இங்கே தொடங்க முடியாது. கடிதம் முதலில் போய்ச் சேரவேண்டும். அழகை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

உதாரணத்துக்கு ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். ஊர்ச் சிறுகுளத்தின் துருசு, அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகு, பழுது. காலபோக (மாரிகால நெல்) விதைப்புக்கு முன் திருத்தித் தரும்படி கமக்காரர் அமைப்பு கமநல சேவை நிலையத்துக்கு எழுதுகிறது. சென்ற வருடக் கடிதம் பென் டிரைவில் இருக்கிறது. அதையே திருத்தி அனுப்பப் போகிறோம். எல்லா ஊரிலும் நடப்பது இதுதான்.

கையில் இருப்பது பாமினியா, யூனிகோடா?

கடிதத்தைத் திறந்து ஒரு தமிழ்ச் சொல்லின் மேல் கேர்சரை வையுங்கள். மேலே ஹோம் பட்டியில் எழுத்துருப் பெட்டி இருக்கும். அதில் பாமினி என்று இருந்தால் அது பழைய முறை. லதா, நிர்மலா யுஐ, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற பெயர் இருந்தால் யூனிகோட்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாவிட்டால் பின்னால் சொல்லப்போகும் எதுவும் சரிவராது. பாமினியில் பைலுக்குள்ளே சேமிக்கப்படுவது தமிழ் அல்ல, ஆங்கில எழுத்துகள். ‘தமிழ்’ என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று கிடக்கிறது. பாமினி எழுத்துரு அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது, அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் போர்வை விலகிவிடும். யூனிகோடில் ‘த’ என்றால் உள்ளேயும் ‘த’தான். எந்த யூனிகோட் எழுத்துருவுக்கு மாற்றினாலும், போனில் திறந்தாலும், தமிழ் தமிழாகவே நிற்கும்.

பாமினியில் அடித்த கடிதம் முழுவதையும் தெரிவு செய்து எழுத்துருவை லதா என்று மாற்றிவிட்டு, ‘லதா பழுது’ என்று அதை அழித்தவர்களும் இருக்கிறார்கள். லதாவில் ஒரு பழுதும் இல்லை. உள்ளே இருந்த ஆங்கில எழுத்தை அது ஆங்கிலமாகவே காட்டியிருக்கிறது. பாமினியிலிருந்து யூனிகோடுக்குப் போக எழுத்துருவை மாற்றினால் போதாது, எழுத்தையே மாற்றவேண்டும்.

இன்னொரு இடத்திலும் பாமினி காலை வாரும். உறுப்பினர் பட்டியலை அகரவரிசைப்படுத்திப் பாருங்கள். பாமினியில் ‘அ’ இருப்பது எம் விசையில், ‘க’ இருப்பது எஃப் விசையில். கொம்பியூட்டர் ஆங்கில வரிசையைப் பார்த்து, கந்தசாமியை அருளம்பலத்துக்கு முன்னே கொண்டுபோய் வைக்கும்.

பழைய பைலை யூனிகோடுக்குக் கொண்டுவருதல்

இணையத்தில் பொங்குதமிழ் மாற்றி உண்டு, விண்டோஸில் நிறுவிக்கொள்ள என்எச்எம் கன்வேர்ட்டர் உண்டு. பாமினி எழுத்தை ஒரு பெட்டியில் ஒட்டி, பாமினி என்று தெரிவு செய்தால் யூனிகோட் வெளிவரும். ஆனால் கடிதம் முழுவதையும் ஒரே அடியாகக் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். மாற்றிக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. ஆங்கில விலாசம், மின்னஞ்சல் எல்லாமே தமிழ் எழுத்துக் குழம்பாகிவிடும். மிக ஆபத்தானது அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் 9 இலக்கத்துக்குப் பின் வரும் பெரிய ‘வி’ எழுத்து ‘ஏ’ ஆகிவிடும், ‘எக்ஸ்’ ஆக இருந்தால் ‘ஓ’ ஆகிவிடும். 12 இலக்கப் புதிய அட்டைக்காரர் தப்பிவிடுவார்கள்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பைலின் ஒரு நகலில் மட்டும் செய்து பாருங்கள்.

1. கொன்ட்ரோல், எச் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். தேடி மாற்றும் பெட்டி வரும். அதில் ‘மோர்’ என்பதை அழுத்தினால் அடியில் ‘ஃபோர்மட்’ பொத்தான் தெரியும்.
2. மேல் பெட்டியில் எதுவும் எழுதாமல் கேர்சரை மட்டும் வைத்து, ஃபோர்மட், ஃபொன்ட் என்று போய்ப் பாமினியைத் தெரிவு செய்யுங்கள்.
3. கீழ்ப் பெட்டியிலும் எதுவும் எழுதாமல், அதே வழியில் போய் எழுத்தின் நிறத்தைச் சிவப்பாக்குங்கள்.
4. ‘ரிப்ளேஸ் ஓல்’ அழுத்துங்கள்.

பாமினியில் உள்ளதெல்லாம் சிவப்பாகிவிடும். ஆங்கிலமும், யூனிகோடில் ஏற்கெனவே அடித்த துண்டுகளும் கறுப்பாக நிற்கும். சிவப்பை மட்டும் பகுதி பகுதியாக வெட்டி மாற்றியில் போட்டு எடுங்கள். திரும்ப ஒட்டும்போது ரைட் கிளிக் செய்து ‘கீப் டெக்ஸ்ட் ஒன்லி’ என்பதைத் தெரிவு செய்தால் வேறு இடத்து ஒழுங்கமைப்பு எதுவும் கூட வராது. பெயர்களை மட்டும் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். மாற்றிகள் அநேகமாகச் சரியாகவே செய்யும், ஆனால் ‘அநேகமாக’ என்பது ஒருவரின் பெயருக்குப் போதாது.

‘எனக்குப் பாமினி விசைதான் கைக்குப் பழக்கம், இனி என்ன செய்ய?’ என்று கேட்பவர்கள் அதை விடவேண்டியதில்லை. விசைப்பலகை வேறு, எழுத்துரு வேறு. என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருளில் பாமினி விசை அமைப்பை வைத்துக்கொண்டே யூனிகோடில் எழுதலாம். விரல் போகும் பாதை மாறாது, பைலுக்குள் விழுவது மட்டும் உண்மைத் தமிழாக இருக்கும். புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்குத் தமிழ்99 விசை அமைப்பு நல்லது. விண்டோஸ் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்துவிட்டால், விண்டோஸ் விசையும் ஸ்பேசும் அழுத்தி மொழி மாற்றிக்கொள்ளலாம்.

தெரிவு செய்தல், மாற்றுதல்

எழுத்துருவை மாற்ற முன் எதை மாற்றுவது என்று வேர்டுக்குக் காட்டவேண்டும். ஒரு சொல்லுக்கு அதன் மேல் இரண்டு கிளிக், ஒரு பந்திக்கு மூன்று கிளிக், முழுக் கடிதத்துக்கும் கொன்ட்ரோல், ஏ. தெரிவு செய்தபின் எழுத்துருப் பெட்டியில் பெயரின் முதல் சில எழுத்தை அடித்தால் பட்டியல் அங்கே போய் நிற்கும். பக்கத்துப் பெட்டியில் அளவு. கொன்ட்ரோலுடன் வலது சதுர அடைப்புக்குறி விசை ஒவ்வொரு புள்ளியாக (எழுத்தளவின் அலகு) கூட்டும், இடது விசை குறைக்கும்.

இதுவரை ஆங்கிலக் கடிதத்துக்கும் அதே கதைதான். தமிழ் இங்கிருந்துதான் வேறுபடுகிறது. வேர்ட் ஒவ்வொரு எழுத்துக்கும் குறைந்தது இரண்டு எழுத்துருக்களை நினைவில் வைத்திருக்கிறது. ஒன்று ஆங்கிலம் போன்ற இலத்தீன் எழுத்துகளுக்கு. மற்றது ‘கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற பகுதிக்கு. தமிழ் இந்த இரண்டாவதில்தான் வரும். அளவும் தடிப்பும்கூட இரண்டுக்கும் தனித்தனி. ‘சைஸை 14 ஆக்கினேன், ஆங்கிலம் பெருத்தது, தமிழ் அப்படியே நிற்கிறது’ என்ற முறைப்பாட்டுக்கு இதுவே காரணம். எழுத்துருப் பெட்டியில் டைம்ஸ் நியூ ரோமன் என்று காட்டும்போதே தமிழ் வேறு எழுத்துருவில் தெரிவதும் இதனால்தான். டைம்ஸ் நியூ ரோமனில் தமிழ் எழுத்துகள் கிடையாது, வேர்ட் வேறொன்றை இரவல் எடுத்துக் காட்டுகிறது.

ஆகவே தமிழுக்கு மேல்பட்டியை மட்டும் நம்பாமல் இப்படிச் செய்யுங்கள்:

1. கொன்ட்ரோல், ஏ அழுத்தி முழுவதையும் தெரிவு செய்யுங்கள்.
2. கொன்ட்ரோல், டி அழுத்துங்கள். ஃபொன்ட் பெட்டி திறக்கும்.
3. மேலே இலத்தீன் பகுதியில் ஆங்கில எழுத்துருவையும் அளவையும் வையுங்கள்.
4. கீழே கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் தமிழ் எழுத்துரு, தடிப்பு, அளவு மூன்றையும் வையுங்கள். அந்தப் பகுதியே தெரியாவிட்டால் விண்டோஸில் தமிழ் சேர்க்கப்படவில்லை என்று எண்ணி, அதை முதலில் சேருங்கள்.
5. இனி எல்லாக் கடிதமும் இப்படியே தொடங்கவேண்டுமென்றால் அடியில் உள்ள ‘செட் அஸ் டிஃபோல்ட்’ அழுத்தி, எல்லா ஆவணங்களுக்கும் என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

கடைசிப் படியைச் செய்து வைத்தால் கலிப்ரியோ அப்டோஸோ தானாக வந்து நிற்பதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

எந்த எழுத்துரு?

அலுவலகக் கடிதத்துக்கு நிர்மலா யுஐ போதும். விண்டோஸ் 8இலிருந்து கூடவே வருகிறது, எனவே பெறுபவரிடமும் பெரும்பாலும் இருக்கும். சிங்கள எழுத்துகளும் அதில் உண்டு. மும்மொழியில் தலைப்புத்தாள் அடிக்கும் சங்கத்துக்கு ஒரே எழுத்துருவில் வேலை முடிந்துவிடும். லதா விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இருப்பது. அகலமாக ஓடும், ஒரு பக்கக் கடிதத்தை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிடும். விண்டோஸ் 10 முதல் அது மேலதிக எழுத்துருவாகவே கிடைக்கிறது. விண்டோஸ் 7உடன் வந்த விஜயா எனக்குப் பிடிக்காது, 12 புள்ளியில்கூடச் சிறிதாகத் தெரியும்.

இலவசமாக எடுக்கக்கூடியவற்றில் கூகுள் ஃபொன்ட்ஸில் உள்ள நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை நான்கும் நம்பிப் பாவிக்கலாம். நினைவுமலரில் தேவாரமும் வாழ்க்கைக் குறிப்பும் போடுவதற்கு நோட்டோ செரிஃப் தமிழ் பொருத்தம், பாட்டு அடிகள் நிதானமாக நிற்கும். வற்றாப்பளைப் பொங்கலுக்குத் தண்ணீர்ப்பந்தல் வைப்பவர்கள் அடிக்கும் அறிவித்தலுக்குப் பலூ தம்பி போன்ற பருமனான எழுத்துருவைத் தலைப்பில் மட்டும் போடலாம். பதிவிறக்கிய பைலை ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்டோல்’ அழுத்தினால் முடிந்தது. இப்போதைய விண்டோஸில் அட்மின் கடவுச்சொல் இல்லாமலே உங்கள் கணக்குக்கு மட்டும் நிறுவலாம். வேர்டை மூடித் திறந்தால் பட்டியலில் தெரியும்.

தெரிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு கடிதம் கொப்பியின் கொப்பியாகப் பல கை மாறும். கிராம அலுவலரிடம் ஒன்று, பிரதேச செயலகத்தில் ஒன்று, சங்கக் கோவையில் ஒன்று. மெல்லிய எழுத்துருவில் முதலில் காணாமல் போவது புள்ளி. மூன்றாம் கொப்பியில் ‘கல்’ ‘கல’ ஆகிவிடும். திரையில் பார்த்துத் தீர்மானிக்காமல், ஒரு தாளை பிரின்ட் எடுத்து, அதைப் போட்டோக்கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியை வாசித்துப் பாருங்கள்.

அளவு: கடித உடலுக்கு 11 அல்லது 12, தலைப்புக்கு 14. வயதான உறுப்பினர்களுக்குக் கூட்ட அறிவித்தல் கொடுப்பதென்றால் உடலே 14 இருக்கட்டும். சுவரில் ஒட்டுவதற்குக் கணக்கு சுலபம், 72 புள்ளி என்றால் ஓர் அங்குலம்.

தடிப்பு, சரிவு, கீழ்க்கோடு

கொன்ட்ரோலுடன் பி தடிப்பு, ஐ சரிவு, யு கீழ்க்கோடு. மூன்றும் தெரிந்தவுடன் மூன்றையும் ஒரே தலைப்பில் போடும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

தமிழ் அச்சில் சரிந்த எழுத்துக்கு மரபு இல்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சரிவு வடிவமே கிடையாது, வேர்ட் நேர் எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்த்துக் காட்டுகிறது. நூற்பெயருக்கோ மேற்கோளுக்கோ ஒற்றை மேற்கோள்குறி போட்டால் போதும். கீழ்க்கோடு ‘கு’, ‘சூ’, ‘ழு’ போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதியை வெட்டிக்கொண்டு போகும். ‘துருசு திருத்தித் தரக் கோரல்’ என்ற தலைப்பில் எத்தனை உகரம் என்று எண்ணிப் பாருங்கள். தலைப்பைத் தடிப்பாக்குங்கள், கோடு வேண்டாம். அலுவலக வழக்கம், கோடு இல்லாவிட்டால் பெரியவர்கள் ஏற்கமாட்டார்கள் என்றால், பந்திக்குக் கீழ்க்கரை போடும் ‘போர்டர்ஸ்’ பொத்தானைப் பாவியுங்கள். அந்தக் கோடு எழுத்தைத் தொடாமல் கீழே நிற்கும்.

ஒரு பந்தியின் ஒழுங்கை இன்னொன்றுக்குக் கொண்டுபோக ‘ஃபோர்மட் பெயின்டர்’ தூரிகை. பல இடத்தில் பூசவேண்டுமென்றால் அதில் இரட்டைக் கிளிக், முடிந்ததும் எஸ்கேப். அடித்ததெல்லாம் குழம்பிவிட்டால், தெரிவு செய்து கொன்ட்ரோலும் ஸ்பேசும். எழுத்தின் ஒழுங்கமைப்பு கழன்று வெறும் எழுத்து மிஞ்சும். பந்தியின் ஒழுங்கமைப்பைக் கழற்ற கொன்ட்ரோலும் கியூவும்.

வரி இடைவெளியும் ஓரமும்

தமிழ் எழுத்து மேலேயும் கீழேயும் நீளும். ‘கீ’யின் சுழி மேலே, ‘மூ’வின் வால் கீழே. ஒரு பக்கத்துக்குள் அடக்கவேண்டும் என்று வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ என்று குறுக்கினால் இந்தச் சுழிகள் வெட்டுப்படும். ‘மல்டிபிள்’ தெரிவு செய்து 1.15 கொடுங்கள். கொன்ட்ரோலுடன் 1 ஒற்றை இடைவெளி, 5 ஒன்றரை, 2 இரட்டை. பந்திகளுக்கு நடுவே என்டரை இரண்டு தரம் தட்டாமல், பந்திப் பெட்டியில் ‘ஆஃப்டர்’ என்ற இடத்தில் 6 புள்ளி கொடுத்தால் எல்லாப் பந்தியும் சமமாக நிற்கும்.

இரு பக்க ஓரத்தையும் நேராக்கும் கொன்ட்ரோல், ஜே பலருக்குப் பிடிக்கும். தமிழ்ச் சொற்கள் நீளம். ‘அபிவிருத்திச்சங்கத்தினருக்கு’ போல ஒரு சொல் அடுத்த வரிக்கு இறங்கினால், மேல் வரியில் மிஞ்சிய சொற்களுக்கிடையே மாட்டுவண்டி போகுமளவு இடைவெளி விழும். கடிதத்துக்கு இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும், அதற்குக் கொன்ட்ரோல், எல். தாள் ஏ4 தானா என்று ‘லேஅவுட்’, ‘சைஸ்’ பகுதியில் பாருங்கள். லெட்டர் என்று இருந்தால் அகலம் சற்றுக் கூடி உயரம் குறைந்திருக்கும், கடையில் பிரின்ட் எடுக்கும்போது அடி வரி இடம் மாறும்.

கையொப்ப வரி

தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒரே வரியில். இந்த இடத்தில்தான் ஸ்பேஸ் விசை தேய்கிறது. ஸ்பேஸ் தட்டித் தட்டி மூன்று பெயரையும் ஒழுங்காக நிறுத்தி முடிய, எழுத்துருவை மாற்றினால் எல்லாம் இடம்பெயர்ந்துவிடும். ஒவ்வொரு எழுத்துருவிலும் எழுத்தின் அகலமும் ஸ்பேசின் அகலமும் வேறு.

‘இன்சேர்ட்’, ‘டேபிள்’ போய் மூன்று நிரல், மூன்று நிரை கொண்ட அட்டவணை போடுங்கள். முதல் நிரையில் புள்ளிக் கோடு, இரண்டாவதில் பெயர், மூன்றாவதில் பதவி. ஒவ்வொன்றையும் கொன்ட்ரோல், ஈ அழுத்தி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு முழு அட்டவணையையும் தெரிவு செய்து ‘போர்டர்ஸ்’ பொத்தானில் ‘நோ போர்டர்’. கோடு மறையும், ஒழுங்கு நிற்கும். எந்த எழுத்துருவுக்கு மாறினாலும் தலைவரும் பொருளாளரும் அவரவர் இடத்திலேயே இருப்பார்கள். கடிதத் தலையில் வலப்பக்க விலாசத்துக்கும் இதே உபாயம் பொருந்தும்.

ஸ்டைல்: நீண்ட ஆவணங்களுக்கு

ஒரு பக்கக் கடிதத்துக்கு இது அவசியமில்லை. ஆண்டறிக்கை, நினைவுமலர், கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ ஒப்படைக்கும் ஆய்வறிக்கை என்றால் ஸ்டைல் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். ஒவ்வொரு தலைப்பாகத் தேடித் தடிப்பாக்குவதற்குப் பதிலாக, இது தலைப்பு என்று ஒருமுறை சொல்லிவைப்பதுதான் ஸ்டைல்.

ஹோம் பட்டியில் ‘நோர்மல்’ மேல் ரைட் கிளிக், ‘மொடிஃபை’. அங்கே அடியில் ஃபோர்மட், ஃபொன்ட் வழியாகப் போனால் பழைய அதே பெட்டி. இலத்தீன், கொம்ப்ளெக்ஸ் இரண்டையும் வையுங்கள். ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ இரண்டுக்கும் அப்படியே. பிறகு தலைப்பு வரியில் கேர்சரை வைத்துக் கொன்ட்ரோல், ஓல்ட், 1 அழுத்தினால் அது முதல்நிலைத் தலைப்பு. மேற்பார்வையாளர் ‘தலைப்பெல்லாம் 16 ஆக்கி வாரும்’ என்றால் ஓரிடத்தில் மாற்றினால் போதும், பொருளடக்கமும் ‘ரெஃபரன்சஸ்’ பட்டியிலிருந்து தானாக வந்துவிடும்.

வேர்ட் இல்லாதவர்களுக்கு

லிப்ரே ஒபிஸ் ரைட்டர் இலவசம். அதிலும் தமிழுக்குத் தனி இடம் உண்டு. ‘டூல்ஸ்’, ‘ஒப்ஷன்ஸ்’ போய் மொழிப் பகுதியில் ‘கொம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்பதற்குச் சரி அடையாளம் இடுங்கள். அதன் பின்தான் தமிழ் எழுத்துருவைத் தனியாக வைக்கும் பகுதி தெரியும். எஃப்11 ஸ்டைல்களைத் திறக்கும். போனில் கூகுள் டொக்ஸ் என்றால், எழுத்தை அழுத்தித் தெரிவு செய்து மேலே உள்ள ‘ஏ’ அடையாளத்தைத் தட்டினால் எழுத்துரு, அளவு, நிறம் எல்லாம் வரும். போனில் அடிப்பது எப்போதும் யூனிகோட்தான். ஆகவே மாற்றித் தலையிடி இல்லை. அட்டவணையை மட்டும் கொம்பியூட்டரில் செய்வது நல்லது.

அனுப்பும்போது

கடைக்குக் கொண்டுபோவதற்கும் வட்ஸ்அப்பில் அனுப்புவதற்கும் பிடிஎஃப். ‘சேவ் அஸ்’ போய்க் கீழ்ப் பட்டியலில் பிடிஎஃப் என்று தெரிவு செய்யுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே சேர்ந்துவிடும், மற்றக் கொம்பியூட்டரில் அது இருக்கிறதா என்ற கேள்வியே வராது. திருத்தவேண்டிய பைல், வேர்டாகவே போகவேண்டும் என்றால் ‘ஃபைல்’, ‘ஒப்ஷன்ஸ்’, ‘சேவ்’ பகுதியில் எழுத்துருவைப் பைலில் பதிக்கும் தெரிவுக்குச் சரி அடையாளம் இடுங்கள். பைல் சற்றுப் பெருக்கும். உரிமம் இடம் கொடுக்கும் எழுத்துருவே பதியும், மேலே சொன்ன கூகுள் எழுத்துருக்கள் பதியும்.

வேர்ட் பைலையும் அழிக்காமல் வைத்திருங்கள். பைல் பெயரில் வருடத்தைப் போட்டுவிடுங்கள். அடுத்த காலபோகத்துக்கு முன் துருசு மறுபடி பழுதானால், திகதியையும் பெயர்களையும் மட்டும் மாற்றினால் போதும். பிரின்ட் எடுக்கமுன் அடையாள அட்டை இலக்கங்களின் கடைசி எழுத்தை ஒருதரம் பாருங்கள், அங்கே ‘ஏ’ எதுவும் ஒளிந்திருக்கக் கூடாது.